வீட்டில் பேசும் மொழி

ஐந்தாவது கேள்வியில் பேனாவை நிறுத்திவிட்டாய்.
வீட்டில் பேசும் மொழி எது என்கிறது படிவம்.
ஒரே ஒரு கட்டம்.
காப்பி ஆறுகிறது, குடி.
சொல்கிறேன்.

நான் சிசிலிக்காரி. அவர் மாசிடோனியாவில் ஏதோ மலையடிவாரத்து ஆள்.
போர்ட் கெம்ப்ளா உருக்காலையில் அடுப்புப் பக்கம் அவர்,
கோட்டுக்குக் காலர் தைக்கும் கூடத்தில் நான்.
எழுபத்தொன்றில், வந்தேறிகளுக்கான மாலை வகுப்பில்
இரண்டு பேருமே ஆங்கிலத்தில் தோற்றோம்.
அந்தத் தோற்ற ஆங்கிலத்தில்தான் காதலித்தோம்,
கடன் வாங்கினோம், சண்டை போட்டோம்,
இரண்டு பையன்களைத் திட்டி வளர்த்தோம்.
என் வாக்கியம் சாயும் இடத்தில்
அவர் ஒரு சொல்லை முட்டுக்கொடுப்பார்.
ஐம்பது வருடம் ஒழுகாமல் நின்றது அந்தக் கூரை.

போன குளிர்காலம் அது அவரைவிட்டுப் போனது.
சட்டென்று இல்லை.
முதலில் கிழமைகள். பிறகு கதவு, மாத்திரை.
பிறகு என் பெயருக்கு முன்னால் அவர் போடும் அந்த ஒரு சொல்.
ஒரு காலை எழுந்து
தன் அம்மாவின் மொழியில் முழு வாக்கியம் பேசினார்,
ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர்போல அத்தனை தெளிவாக.
எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
ஸ்துதேனோ, ஸ்துதேனோ என்பார்.
யாரோ ஒருத்தி என்று நினைத்தேன்.
சிரிக்காதே.
எழுபத்தாறு வயதில், மூன்று வாரம்,
அந்த ஸ்துதேனோ மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல்.
எந்தத் தெருக்காரி, அழகியா,
என்னைக் கட்டுவதற்கு முன்பா பின்பா என்று
துணி மடிக்கும்போதெல்லாம் கணக்குப் போட்டேன்.
கடைசியில் ரொட்டிக்கடை வெஸ்னாவிடம் கேட்டேன்.
'குளிர்கிறது' என்றாள்.
அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.
மூன்று வாரமாக அந்த மனுஷன் குளிர்கிறது என்றிருக்கிறார்,
நான் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தைக் குறை சொல்லவில்லை.
எனக்கு இத்தாலிய மொழியில் கையேடு அனுப்பினீர்கள்,
அவருக்கு மாசிடோனிய மொழியில்.
இரண்டிலும் ஒரே படம்:
பூங்கா பெஞ்சு, நரைத்த ஜோடி, வரிசைப் பற்கள்.
மொழிபெயர்ப்பாளர்கூடத் தொலைபேசியில் கிடைத்தார்,
ஒன்பதிலிருந்து ஐந்துவரை.
இவருக்குப் பேச்சு வருவது இரவில்.

வெஸ்னா சொல்லச் சொல்ல நான் எழுதிய இருபத்தாறு சொற்கள்
பிரிட்ஜ் கதவில் இருக்கின்றன, பார்.
வோதா, தண்ணீர். கிளாதென், பசி.
கடைசிச் சொல்லை நான் கேட்காமலே சேர்த்தாள்:
துகா சும். இங்கேதான் இருக்கிறேன்.

வியாழக்கிழமைக் குழுவுக்குத் தொவான் என்றொருவர் வருகிறார்.
வியட்நாம்காரர். அவருடைய அம்மா ஜூனில் போய்விட்டாள்,
இன்னும் வருகிறார், நாற்காலி போட.
போன மாதம் ஒருநாள் அங்கே உட்கார்ந்தபடியே நான் தூங்கிப்போனேன்.
மறுநாள் ஒரு பை மாண்டரினோடு வாசலில் நின்றார்.
நீ போய்ப் படு என்று கையைக் காட்டினார்.

படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்
இவர் தன் மொழியில் நீளமாக ஏதோ சொல்ல,
அவர் தன் மொழியில் பதில் சொல்ல,
தோல் உரிபடும் வாசனை.
எங்கே சிரிக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.
எப்போதும் இல்லை. ஒருமுறை இவர் அழுதார்,
தொவான் சிரித்துவிட்டு, நடுவில் நிறுத்திக்கொண்டார்.
நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.
எட்டு மாதத்தில் முதல்முறை.

அவருடைய பேருந்துக் கட்டணத்தை நீங்கள் தருவீர்களா?
அதற்குக் கட்டம் உண்டா?

மொழிக்கு என்ன எழுதுவாயோ, தெரியவில்லை.
பொடி எழுத்தாக எழுது.
இடம் போதாவிட்டால் பின்பக்கம் திருப்பு.
கொஞ்சம் பொறு,
கூப்பிடுகிறார்.

துகா சும், ஸ்டோயான், துகா சும்.

'வருகிறேன்' என்பதற்கு
வெஸ்னாவிடம் இன்னும் சொல் வாங்கவில்லை.